பாட்டர்ஸீயின் பார்ஸி மெம்பர்

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் நமது முனிசிபல் தேர்தலுக்கு நின்றாலே, "இவருக்கு இங்கே என்ன ஜோலி?" என்று கேட்கிற ஜனங்கள் நாம். ஆகையால், பம்பாயில் பிறந்து 31-வது வயதில் சீமைக்குக் குடியேறிய ஒருவரை லண்டன் தொழிலாளர்கள் இரண்டு முறை தங்கள் பிரதிநிதியாகப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள் என்று படிக்கும்போது நமக்கு வியப்பு உண்டாகிறது. கொஞ்சம் வெட்கமும் உண்டாகிறது.

அவர் பெயர் ஷாபூர்ஜி சக்லத்வாலா. அவருக்கு முன்னரே தாதாபாய் நௌரோஜி 1892-லும், பவனகரி 1895-லும் லண்டனில் வெற்றி பெற்றிருந்தனர். ஆனால் முன்னவர் லிபரல், பின்னவர் கன்ஸர்வேடிவ்; இருவரும் பெரிய கட்சிகளின் நிழலில் நின்றவர்கள். சக்லத்வாலாவோ கம்யூனிஸ்டு. அந்நாட்டில் அக்கட்சியைப் பேரேட்டின் ஓரத்தில் எழுதிய சில்லறைக் கணக்கு என்றே சொல்லலாம்.

இதில் வேடிக்கை என்னவெனில், முதலாளிகளுக்குள் முதலாளியான ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் சொந்தச் சகோதரியுடைய புதல்வர் இவர். 1874-ல் பிறந்தார். பம்பாயில் பிளேக் பரவிய காலத்தில் டாக்டர் ஹாஃப்கினுடன் சேர்ந்து உழைத்தார். பின்னர் டாட்டா கம்பெனிக்காக இரும்பும் நிலக்கரியும் தேடிக் காடுகளில் அலைந்து மலேரியா ஜுரத்துக்கு ஆளானார். 1905-ல் இங்கிலாந்து சென்றவர், தேக சிகிச்சைக்காகத் தங்கிய மாட்லாக் என்ற ஊரில் பணிபுரிந்த ஸாலி மார்ஷ் என்ற ஏழைப் பெண்ணை 1907-ல் மணந்தார். 1921-ல் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார்.

தேம்ஸ் நதியின் தென்கரையில் ரெயில்வே பட்டறைகளும் தொழிற்சாலைகளும் நெருங்கிய பகுதி பாட்டர்ஸீ. கறுப்பு இனத்தவரான ஜான் ஆர்ச்சரை 1913-லேயே மேயராக்கிய இடம் அது. அந்த ஆர்ச்சரே பின்னாளில் சக்லத்வாலாவின் தேர்தல் ஏஜெண்டாகவும் இருந்தார். 1922-ல் தொழிற்கட்சியின் ஆதரவுடன் சக்லத்வாலா ஜயித்தார்; 1923-ல் 186 வோட்டில் தோற்றார்; 1924-ல் கம்யூனிஸ்டு என்ற பெயருடனேயே நின்று 542 வோட்டு அதிகம் பெற்று ஜயித்தார். அந்தச் சபையில் அக்கட்சிக்கு அவர் ஒருவரே மெம்பர்.

"நான் அந்நியனாயினும் எனக்கு வோட்டுப் போடுங்கள்" என்று கேட்கும் அபேட்சகரை நாம் அறிவோம். இவர் அப்படிக் கெஞ்சவில்லை. கல்கத்தாவின் சணல் ஆலையில் அரை வயிற்றுக் கூலிக்கு ஆள் கிடைத்தால், ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து ஆலைத் தொழிலாளிக்கு வேலை எப்படி நிலைக்கும்? அங்கே கூலி உயர்ந்தால்தான் இங்கே கூலி நிலைக்கும் என்று சொன்னார். இந்தியாவின் விடுதலையைத் தர்மமாகக் கேட்காமல், லண்டன் தொழிலாளியின் சொந்தச் சோற்றுக் கணக்காக அவர் எடுத்து வைத்ததுதான் நம் மனத்தைக் கவர்கிறது. ஐரிஷ் உடன்படிக்கையை 1922-ல் எதிர்த்ததும், 1927-ல் ஸைமன் கமிஷனை எதிர்த்ததும் இதே கொள்கையால்தான்.

சொல்லுக்கு விலையும் கொடுத்தார். 1926-ல், வேலைநிறுத்தக்காரர்களைச் சுடாதீர்கள் என்று ராணுவத்தினரை வேண்டும் பொருளில் ஹைட் பார்க்கில் மே தினப் பிரசங்கம் செய்தார். நன்னடத்தை ஜாமீன் கொடுக்க மறுத்து இரண்டு மாதம் சிறையில் இருந்தார்.

1927-ல் தாய்நாட்டுக்கு வந்து ஊர் ஊராகப் பேசினார். காந்தியடிகளுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். கதரை விட்டு ஆலைத் தொழிலாளரையும் குடியானவரையும் சங்கங்களாகத் திரட்ட வேண்டும் என்பது அவர் வாதம். ஜனங்கள் மகாத்மாவின் காலைத் தொட்டு வணங்குவதையும் கண்டித்தார். காந்தியடிகள் தமது பத்திரிகையில் மறுமொழி தந்தார். கதர் விஷயத்தில் நாம் சக்லத்வாலாவின் பக்கம் இல்லை. மழை பொய்த்த கிராமத்தில் ராட்டினம் தரும் இரண்டணாவை அவர் கண்டதில்லை போலும். காலில் விழும் வழக்கத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் நம்மவர்கள் இன்னும் சற்று யோசிக்கலாம். அவர் திரும்பிச் சென்றபின், மீண்டும் இந்தியாவில் கால்வைக்க முடியாதபடி சர்க்கார் அனுமதியை ரத்து செய்தது. அடுத்து வந்த தொழிற்கட்சி மந்திரிசபையும் அத்தடையை நீக்கவில்லை!

அதே 1927-ல் தம் குழந்தைகளுக்குப் பார்ஸி மத முறைப்படி நவ்ஜோத் சடங்கை லண்டனில் நடத்தினார். கட்சி அவரைப் பகிரங்கமாகக் கண்டித்தது. அவரோ சடங்கையும் விடவில்லை, கட்சியையும் விடவில்லை. இரண்டையும் ஒரே தோளில் சுமப்பது எத்தனை பாரம் என்பது, பூணூலும் கதர்ச் சட்டையுமாக வாதாடிக்கொண்டிருந்த நம் வீடுகளுக்குத் தெரியாததல்ல.

1929-ல் தொழிற்கட்சி அவருக்கு எதிராகவே ஆள் நிறுத்தியது, தோற்றார். அதன்பின் நின்ற தேர்தல்களிலும் வெற்றி கிட்டவில்லை. 1936 ஜனவரியில் காலமானார். அவருடைய அஸ்தி லண்டனுக்கு வெளியே புரூக்வுட்டில் உள்ள பார்ஸி மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. மாமன் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் சமாதியும் அங்கேதான் இருக்கிறது.