ஈயம் காய்ச்சிய தாச்சி

போன கிழமை பக்கத்து வளவுத் தம்பி உரப்பை ஒன்றில் இரண்டு பழைய பற்றறியைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். வீச்சுவலை ஒன்றைப் பொத்தி வைத்திருக்கிறான், ஈயம் கட்டுவதுதான் மிச்சம்.

"ஐயா, நீங்கள் முந்தி ஈயம் காய்ச்சினனீங்களாம். இதை உடைச்சுக் காய்ச்சினால் வலைக்குக் காணுமோ?"

காணும். மிஞ்சவும் செய்யும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தபடியால்தான் அவனை விறாந்தையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, இதையெல்லாம் சொன்னேன். அவனுக்குச் சொன்னது மற்றப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று எழுதுகிறேன்.

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் டோர்ச் பற்றறிகூட வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, ரேடியோவில் செய்தி கேட்டோம். ஓடாமல் நின்ற கார்களின் பற்றறிகளுக்கு அப்போது பெரிய மதிப்பு. செத்த பற்றறி மூன்றை உடைத்தால் நல்ல தட்டுகளைப் பொறுக்கி ஒன்றை உயிர்ப்பிக்கலாம். அந்த வேலையைப் பழகிக்கொண்டேன். மிஞ்சிய ஈயத்தை உருக்கி வலைக்காரருக்குக் குண்டு வார்த்துக் கொடுத்தேன். எங்கள் நீர்வேலி வாழைக்குப் பேர்போன ஊர். குலைகளை வெளியே அனுப்ப வழியில்லாத அந்த நாளில் எங்கள் வீட்டு உலை ஈயத்தால்தான் கொதித்தது. அதை நான் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை.

கிணத்தடிக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு. ஊமல் போட்டு மூட்டினால் நின்று எரியும். ஈயம் உருக 327 பாகை போதும். சும்மா விறகடுப்பே காணும். முதலில் ஊத்தை ஈயம் அசையாமல் கிடக்கும். பிறகு ஓரத்தில் ஒரு துளி கண் திறக்கும், பார்த்துக்கொண்டிருக்கவே எல்லாம் இளகிவிடும். மண், துரு, பிளாஸ்டிக் எல்லாம் மேலே வந்து கரும்பாசி போல மூடும். ஒரு பிடி மரத்தூளைத் தூவி, அது புகைந்து பற்ற, இரும்புக் கம்பியால் கலக்க வேண்டும். கசடை ஓட்டை அகப்பையால் வழித்து எடுத்தால் கீழே முகம் பார்க்கலாம் போல ஒரு மினுக்கம். அது மெல்லப் பொன்னிறமாகி, நீலம் ஓடி, திரும்பவும் சாம்பல் ஆடை கட்டும். அந்த மினுக்கத்துக்காகவே எத்தனையோ மாலைகள் அடுப்படியில் குந்தியிருந்திருக்கிறேன். வேப்பங்கட்டையைப் பிளந்து குடைந்த அச்சில் வார்த்தால் கட்டை கருகும் மணத்தோடு குண்டு விழும்.

ஒரு மாரி நாள். ஈரம் காயாத துண்டு ஒன்றை உருகிய ஈயத்துக்குள் போட்டுவிட்டேன். துளி ஈரம்தான். அது ஆவியாய் வெடித்து, தாச்சியிலிருந்த ஈயத்தில் பாதியை ஆள் உயரத்துக்கு வீசியது. முழங்கைக்குக் கீழே நான்கு இடத்தில் இன்றைக்கும் தழும்பு இருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டையும் வெயிலில் காயப்போட்டு, அடுப்போரம் சூடாக்கித்தான் போட்டேன். ஈயத்தில் பயப்பட வேண்டியது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

சுட்டதைப் பார்த்துப் பயந்தேன், சுடாததைப் பார்த்துப் பயப்படவில்லை. செத்த பற்றறித் தட்டில் கம்பி வலைபோன்ற சட்டம்தான் பெரும்பாலும் உலோகம். அதில் அப்பியிருக்கும் களியில் பெரும்பகுதி ஈய ஒட்சைட்டும் ஈய சல்பேற்றும். விறகடுப்பில் அது உருகாது. மா மாதிரி உதிரும், காற்றில் எழும்பும், சாரத்தில் ஒட்டும். வழித்தெடுத்த கசடும் அப்படித்தான். வழித்ததை வேலியோரம் கொட்டினேன். பற்றறி அசிட்டையும் அங்கேயே ஊற்றினேன். கிளுவை நான்கைந்து பட்டுப்போனது. வேறு கதியால் நட்டேன். வற்றாத ஆறில்லாத இந்த மண்ணில், குடிக்கிற கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் கிடக்கிற இடத்தில், கிணத்தடிக்கு இருபது முழத்தில் அதைச் செய்தேன்.

தாச்சி என் அம்மாவுடையது. ஈயம் காய்ச்சி முடிந்ததும் மனைவி பொச்சும் சாம்பலும் போட்டுத் தேய்த்து அடுப்படிக்குக் கொண்டுபோவாள். அதில் மல்லி வறுத்தோம், மிளகாய் வறுத்தோம். 1995 ஐப்பசி 30 இரவு வலிகாமமே இடம்பெயர்ந்து வீதிக்கு வந்தபோது, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போன சாமான்களில் அந்தத் தாச்சியும் ஒன்று. இரும்பின் சொரசொரப்பில் ஒட்டிய கசடு சாம்பலுக்கு விட்டுக்கொடுக்காது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஈயம் காய்ச்சிய நாட்களில் மகளுக்கு ஆறு வயது. அடுப்படியில் சிதறி இறுகிய ஈயத் துளிகளைப் பொறுக்கிக் கொக்கான் விளையாடுவாள். கல்லைவிடப் பாரம், கைக்கு இதம். விளையாடின கையோடு வந்து சோறு தின்பாள்.

2014இல் அவள் கனடாவில் பிள்ளைத்தாச்சி. ஒரு நாள் இரவு தொலைபேசி எடுத்தாள். "அப்பா, வீட்டில ஆராவது ஈயத்தோட வேலை செய்தவையோ எண்டு கிளினிக்கில கேக்கினம். நீங்கள் கிணத்தடியில காய்ச்சினனீங்கள் எல்லே? நான் கொக்கான் விளையாடினனான் எல்லே?" குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

இரத்தம் பார்த்தார்கள், அளவு குறைவாகத்தான் இருந்தது. பேரன் சுகமாகப் பிறந்தான். ஆனால் அந்த மாதங்களில் நான் தேடித் தேடி வாசித்தவை என்னை விட்டுப் போகவில்லை. உடம்புக்குள் போன ஈயத்தைக் கல்சியம் என்று எண்ணி எலும்பு வாங்கி வைத்துக்கொள்கிறது, பல பத்தாண்டுகளுக்கு. தாய் கருவுற்றால் எலும்பிலிருந்து அது கரைந்து இரத்தத்துக்கு வந்து பிள்ளையைச் சேர்கிறது. விழுங்கிய ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாகச் சிறு பிள்ளைகளின் உடம்பு உறிஞ்சும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்ச்சல் வராது, புண் வராது. வயிற்றுவலி என்று வந்தால் பூச்சிமருந்து கொடுப்போம். படிப்பு ஏறாவிட்டால் பிள்ளையை அடிப்போம்.

செனகல் நாட்டில் டக்கார் நகரத்தை ஒட்டித் தியாருவா என்றொரு மீனவர் ஊர். அங்கேயும் பற்றறியை உடைத்து ஈயம் எடுத்து வலைக்குக் குண்டு வார்த்தார்கள். கழிவு மணலில் சேர்ந்தது. ஈயத்தின் விலை ஏறியதும் பெண்கள் அந்த மணலை அள்ளி வீட்டு முற்றத்தில் வைத்துப் புடைத்தார்கள். 2007 கார்த்திகைக்கும் 2008 பங்குனிக்கும் இடையில் 18 சிறுபிள்ளைகள் செத்தார்கள். இதை வாசித்தபோது என் முற்றம்தான் கண்ணுக்குள் வந்தது. சுளகு பிடித்த அந்தத் தாய்மார் வயிற்றுப்பாட்டுக்காகத்தான் புடைத்தார்கள், நானும் அப்படியே. நாங்கள் தப்பிவிட்டோம்.

தம்பியிடம் சொன்னேன்: பற்றறியை உடையாதே. உடைக்காமல் முழுசாகவே பழைய பற்றறி எடுக்கிற கடையில் கொடு. நல்ல காசு தருவார்கள். அந்தக் காசுக்கு வார்த்த ஈயக்குண்டு வாங்கு. வலைக்கு ஈயம் கட்டிய கையோடு வெற்றிலை போடாதே, சாப்பிடாதே. அந்தச் சாரத்தோடு பிள்ளையைத் தூக்காதே. ஈயத் தூள் சிந்தினால் விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடை. உன் மனைவிக்கு இப்போது ஏழு மாதம் என்று உன் அம்மா சொன்னா.

மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தாச்சியைக் காட்டினேன். அந்தத் தொலைபேசி வந்த மறுநாளே ஆணி வைத்து அடியில் மூன்று ஓட்டை போட்டுவிட்டேன், எனக்குப் பிறகு யாரும் எடுத்து அடுப்பில் வைத்துவிடக் கூடாது என்று. மகன் பழைய இரும்புக்குப் போடச் சொன்னான். காட்டுவதற்கென்று வைத்திருக்கிறேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. உரப்பையின் வாயைத் திரும்பக் கட்டினான். பிறகு கையை விரித்துப் பார்த்துவிட்டு, "ஐயா, கை கழுவ வேணும்" என்றான். கிணத்தடியில் சவர்க்காரம் எடுத்துக் கொடுத்து, நானே தண்ணீர் அள்ளி ஊற்றினேன்.