கொரிடோர் யாருடைய பக்கம்?

நவம்பர் 3, திங்கள்

ஸ்காபரோவில் பழைய பிளாசா ஒன்றின் மூலைக் கட்டடம். ஒரே கூரைக்குக் கீழே மூன்று கடைகள். நடுவில் மூத்தவரின் நகைக்கடை, இடப்பக்கம் தங்கையின் சேலைக்கடை, வலப்பக்கம் கடைக்குட்டித் தம்பியின் சாப்பாட்டுக்கடை. மூன்றுக்கும் பின்னால் பொதுவாக ஒரு கொரிடோர், அதன் கோடியில் இரும்புக் கதவு. சாமான் இறக்குவது, குப்பை கொண்டுபோவது எல்லாம் அந்த வழிதான்.

இப்போது அலாரத்துக்கு இருப்பது ஒரு கீபேட், ஒரு நம்பர். மூத்தவர் கனடாவில் வந்து இறங்கிய வருடம்தான் அந்த நம்பர். வேலைக்கு வந்து நின்றுவிட்டுப் போன பிள்ளைகள் எல்லாருக்கும் அது தெரியும். அதைவிடப் பெரிய பிரச்சினை, தம்பி விடிய நாலு மணிக்கு இடியப்பம் அவிக்க வருவது. அவர் நம்பரை அடித்தவுடன் முழுக் கட்டடமும் திறந்துவிடும். நகைக்கடைக்கு ஆள் வருவது பத்து மணிக்கு. இடைப்பட்ட ஆறு மணித்தியாலமும் பவுணுக்குக் காவல் இடியப்பத் தட்டுத்தான்.

அலாரப் பெட்டியை மாற்றத் தேவையில்லை. சுவரில் இருப்பது டிஎஸ்சி பிசி1864. இங்கிருந்து மேற்கே கொன்கோர்ட் என்ற ஊரில் வளர்ந்த கம்பனியின் சாமான். அதே கம்பனியின் நியோ வரிசை வந்து கனகாலமாகிவிட்டது. ஆனாலும் பிளாசாக்களின் பேஸ்மென்ட்களில் இந்தப் பழைய பெட்டிதான் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. 64 சோன், அதாவது உணரி வழிகள், 8 பார்ட்டிஷன். ஒரு பெட்டியை எட்டுத் தனித்தனி அலாரமாகப் பிரிக்கலாம் என்று பொருள். இத்தனை வருடமும் அவர்கள் அதில் ஒன்றைத்தான் பாவித்திருக்கிறார்கள்.

ஆளுக்கொரு தேத்தண்ணியோடு மூவரையும் இருத்தி மூன்று கேள்வி கேட்டேன். முதலில் வருவது ஆர்? கடைசியாகப் போவது ஆர்? ஆற்ற கடைக்குள்ள ஆர் போகலாம்?

“நாங்கள் எல்லாம் ஒரு குடும்பம்தானே தம்பி. உதெல்லாம் எழுதி வைக்க வேணுமோ?” என்றார் மூத்தவர்.

வேணும் என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

முழுநாளும் வயர். முன்பு பூட்டியவர் ரெசிஸ்டர்கள் எல்லாவற்றையும் பெட்டிக்குள்ளேயே முறுக்கி வைத்திருக்கிறார். இந்த ஊரில் பாதிக் கடைகளில் இதுதான் நிலை. ரெசிஸ்டர் இருக்க வேண்டியது வயரின் மறுகோடியில், சென்சருக்குள். பெட்டிக்குள் இருந்தால் வெளியே இரண்டு வயரையும் ஒருவன் ஒன்றாக முறுக்கிவிட்டாலும் பெட்டிக்கு எல்லாம் சுகமாகத்தான் தெரியும். கதவு திறந்தாலும் தெரியாது, மூடினாலும் தெரியாது.

எல்லாவற்றையும் கழற்றி இரட்டை ரெசிஸ்டர் முறைக்கு மாற்றினேன். ஒவ்வொன்றும் 5,600 ஓம். பெட்டி 5,600 கண்டால் கதவு மூடியிருக்கிறது. 11,200 கண்டால் திறந்திருக்கிறது. ஒன்றுமே காணாவிட்டால் வயரை வெட்டியிருக்கிறார்கள், பூச்சியம் கண்டால் வயர் ஒன்றோடொன்று முட்டியிருக்கிறது. நாலு நிலைக்கும் நாலு பதில். சேலைக்கடை முன்கதவில் மட்டும் இரண்டு தரம் மாற்ற வேண்டி வந்தது, பழைய காந்தம் தேய்ந்துபோயிருந்தது.

பிறகு கரண்ட் கணக்கு. கூட்டிப் பார்க்காமல் கீபேட்களைச் சேர்த்துக்கொண்டே போகிறவர்கள் இதில்தான் மாட்டுவார்கள். பெட்டி வெளியே கொடுப்பது 700 மில்லிஅம்பியர். நான் பூட்டப்போகும் எழுத்துத் திரைக் கீபேட் ஒன்று கூடியபட்சம் 125 எடுக்கும். நாலு கீபேட்டுக்கு 500. மிச்சம் 200-க்குள் அசைவு உணரிகள், சுவர் அதிர்வு உணரி, எட்டுச் சோன் கூட்டும் பிசி5108 பலகை எல்லாம் அடங்க வேண்டும். இழுத்துப் பிடித்தால் அடங்கும். ஆனால் கரண்ட் போன இரவில் 7 அம்பியர்-அவர் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது வேறு கணக்கு. ஒரு அம்பியர் தனிப் பவர் சப்ளையும் அதற்கென்று ஒரு பற்றரியும் போடச் சொன்னேன். மூத்தவர் விலையைக் கேட்டார், ஒரு பெருமூச்சு விட்டார், ஓம் என்றார்.

நவம்பர் 6, வியாழன்

இன்று புரோகிராம். ஸ்டார், எட்டு, பிறகு இன்ஸ்டோலர் கோட். ஃபக்டரியிலிருந்து வரும் கோட் 5555. இத்தனை வருடமாக ஒருவரும் அதை மாற்றவில்லை. உலகத்துக்கே தெரிந்த நம்பர். முதல் வேலையாக அதை மாற்றினேன்.

பிரிவு 201-இல் நாலு பார்ட்டிஷனைத் திறந்தேன். ஒன்று நகைக்கடை. இரண்டு அதற்குள்ளேயே இருக்கும் பெட்டக அறையும் பட்டறையும். மூன்று சேலை. நாலு சாப்பாடு. பெட்டக அறையைக் கடையிலிருந்து பிரித்ததில் ஒரு காரியம் இருக்கிறது. பகலில் கடை திறந்திருக்கும்போதும் அந்த அறை பூட்டில் இருக்கலாம். காலையில் நகை எடுக்க ஒருமுறை, இரவில் வைக்க ஒருமுறை, பட்டறையில் தட்டார் வேலை செய்யும் நேரம், அவ்வளவுதான் திறக்க வேண்டும்.

கீபேட்டுக்கு முகவரி கொடுப்பது சலிப்பான வேலை. ஒவ்வொரு கீபேட்டுக்கும் நேரில் போய் அதன் முன்னால் நின்றுதான் கொடுக்க வேண்டும். முதல் இலக்கம் பார்ட்டிஷன், இரண்டாவது இலக்கம் இருக்கை. 11, 22, 33, 44 என்று வைத்தேன். ஃபக்டரியிலிருந்து வந்தபடியே பூட்டினால் நாலும் 18 என்றே இருக்கும். நாலும் வேலை செய்வதுபோலவே காட்டும். ஆனால் ஒன்றை யாரும் கழற்றிக்கொண்டு போனால் பெட்டிக்குத் தெரியவராது.

பிறகு எந்தச் சோன் எந்தப் பக்கம் என்ற பகுதி. ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் எட்டு எட்டுப் பிரிவு. முதலாவதற்கு 202-இலிருந்து, இரண்டாவதற்கு 210, மூன்றாவதற்கு 218, நாலாவதற்கு 226. கொரிடோர்க் கதவு சோன் 9, கொரிடோர் அசைவு உணரி சோன் 10. இவை மூன்று கடைக்கும் பொது. ஆகவே 203, 219, 227 மூன்றிலும் முதல் இரண்டு விளக்கையும் எரியவிட்டேன்.

பொதுச் சோனுக்கு இந்தப் பெட்டியில் ஒரே சட்டம். அது சேர்ந்திருக்கும் எல்லாப் பார்ட்டிஷனும் பூட்டில் இருந்தால் மட்டுமே அது காவல் இருக்கும். ஒருவர் திறந்தாலும் அது கண்ணை மூடிவிடும். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலு மணிக்குத் தம்பி வந்து தன் கடையைத் திறக்கிறார், கொரிடோர் தூங்கிவிடுகிறது. நகைக்கடையின் பின்கதவு திறப்பதோ அந்தக் கொரிடோருக்குள். பழைய ஆறு மணித்தியாலம் வேறு வேடத்தில் திரும்பி வந்துவிட்டது.

தம்பியின் பார்ட்டிஷனைக் கொரிடோரிலிருந்து எடுத்துவிடலாமா? எடுத்தால் அவர் ஐந்து மணிக்குக் குப்பையோடு வெளிக்கிடும்போது சைரன் அடிக்கும். கொரிடோரையே ஐந்தாவது பார்ட்டிஷன் ஆக்கலாமா? ஆக்கினால் கடைசியாகப் போகிறவர் இரண்டு தரம் பூட்ட வேண்டும். கடைசியாகப் போவது யார் என்று திங்கட்கிழமை கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் வரவில்லை. பெட்டி எனக்கு எட்டுப் பார்ட்டிஷன் தருகிறது, ஒரு பதில் தரவில்லை.

மத்தியானம் மூத்தவரிடம் போய்ச் சொன்னேன்: “அண்ணை, கொரிடோரை வீட்டுக்குள்ள எண்டு நினையாதேங்கோ. வீதி எண்டு நினையுங்கோ. உங்கட பின்கதவுதான் உங்கட எல்லை.”

அவருக்குப் பிடிக்கவில்லை. “அங்கால நிக்கிறது என்ர தம்பி. வீதியோ?” என்றார். தம்பி கேட்டுக்கொண்டுதான் நின்றார். அவர் சிரித்தபடி, “அண்ணை, காலமை ஆர் ஆர் எனக்கு மரக்கறி கொண்டுவாறாங்கள் எண்டு எனக்கே தெரியாது. அவர் சொல்லுறது சரி” என்றார்.

நகைக்கடைப் பின்கதவு தனிச் சோன், பார்ட்டிஷன் ஒன்றில் மட்டும், தாமதமே இல்லாத உடனடி வகை. முன்கதவுக்கு 30 செக்கன். சாப்பாட்டுக்கடைக்கு 60, இரண்டு கையிலும் பாத்திரத்தோடு வருகிறவர். பார்ட்டிஷனுக்குப் பார்ட்டிஷன் வேறு நேரம் வைக்க இந்தப் பெட்டி விடுகிறது.

நவம்பர் 7, வெள்ளி இரவு

மூத்தவருக்குச் சுவர்ப் பயம். 2019 அக்டோபரில் திருச்சியில் பெரிய நகைக்கடை ஒன்றின் பின்சுவரில் ஆள் நுழையும் அளவுக்குத் துளை போட்டு, முகமூடியோடு உள்ளே போன கதையை அவர் படத்தோடு ஃபோனில் வைத்திருக்கிறார். பயம் நியாயமானது. கதவுகளையே காவல் காக்கும் அலாரத்துக்குச் சுவர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்காகத்தான் பெட்டக அறைச் சுவரில் அதிர்வு உணரி.

அந்தச் சுவரின் அடுத்த பக்கம் சாப்பாட்டுக்கடையின் கொத்துரொட்டிக் கல்.

உணரியின் உணர்திறனை எங்கே வைப்பது? கூட்டி வைத்தால் ஒவ்வொரு கொத்துக்கும் அலாரம். குறைத்து வைத்தால் துளைக்கிறவன் நிம்மதியாகத் துளைப்பான். மேசையில் இருந்து தீர்க்கிற விஷயம் இல்லை. கண்காணிப்பு நிலையத்துக்கு அழைத்து, சோதனை நடக்கிறது, வருகிற சிக்னலைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, கடை பூட்டும் நேரம் தம்பியின் சமையல்காரரிடம் போனேன். “அண்ணை, உங்கட முழுப் பெலத்தோட ஒரு ஆட்டிறைச்சிக் கொத்துப் போடுங்கோ.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு போட்டார். வெள்ளி இரவுக் கூட்டத்துக்குப் போடுகிற வேகம். நான் சுவரின் மறுபக்கம் உணரியின் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டு நின்றேன். தகரம் கல்லில் விழுகிற அடி கூர்மையானது, ஆனால் அது பெரும்பாலும் காற்றால் வருகிறது. சுவருக்குள் இறங்குவது கொஞ்சம்தான். பிறகு ஒரு துளைகருவியைச் சுவரின் கீழ்மூலையில் வைத்து அழுத்தினேன். அது முழுக்கச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் வைக்க இடம் இருந்தது. பெரிய இடம் இல்லை. கல்லின் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் வைத்த பிறகு இன்னும் கொஞ்சம் கூடியது.

இந்தச் சோனை 24 மணி நேர வகையாக வைக்கச் சிலர் சொல்வார்கள். நான் வைக்கவில்லை. பட்டறையில் தட்டார் சுத்தியல் எடுக்கும்போது அறை திறந்திருக்கும். மற்ற நேரமெல்லாம் பூட்டில்தான். உடனடி வகையே போதும்.

சமையல்காரர் அந்தக் கொத்தை எனக்கே கட்டித் தந்தார். காசு வாங்கவில்லை.

நவம்பர் 8, சனி

கோட் நாள். பெட்டியைவிட மனிதர்களுக்குக் கஷ்டமான நாள்.

ஒவ்வொரு கோட்டும் எந்தெந்தப் பார்ட்டிஷனைத் திறக்கும் என்று தனித்தனியாகச் சொல்லலாம். சேலைக்கடைப் பிள்ளைகளுக்கு மூன்று மட்டும். தட்டாருக்கு ஒன்று, இரண்டு இல்லை. காலையில் துடைக்க வருகிறவருக்கு ஒருதரக் கோட். அது ஒரு நாளில் ஒருமுறைதான் திறக்கும், பூட்டுவதற்குத் தடையில்லை. கத்திமுனையில் திறக்கச் சொன்னால் அடிக்க வேறு கோட். வழக்கம்போலத் திறக்கும், சைரன் அடிக்காது, ஆனால் நிலையத்துக்குச் செய்தி போகும். அதை வழக்கமான நம்பருக்குப் பக்கத்து நம்பராக வைக்க வேண்டாம் என்று சேலைக்கடை அக்காவுக்கு நாலு தரம் சொன்னேன். விரல் தவறினால் பொலிஸ் வந்து நிற்கும்.

கடைசியாக மாஸ்டர் கோட். நாலு பார்ட்டிஷனையும் திறக்கும், மற்ற எல்லாக் கோட்டையும் மாற்றும். மூத்தவர் தானாகவே கையை நீட்டினார்.

“அப்ப அண்ணை என்ர கடையை எப்பவும் திறக்கலாமோ?” என்று தங்கை கேட்டார். கோபமாக இல்லை, விபரம் கேட்பதுபோலத்தான்.

மூத்தவர் பதில் சொல்லவில்லை. நான் கீபேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆளுக்கொரு மேற்பார்வைக் கோட் கொடுக்கலாம், தங்கள் கடைக்காரருக்குத் தாங்களே கோட் போடலாம், எடுக்கலாம் என்று விளங்கப்படுத்தினேன். மாஸ்டரை ஒரு கடித உறையில் எழுதி ஒட்டி, அம்மாவிடம் கொடுப்பதென்று மூவரும் முடிவெடுத்தார்கள். வங்கி லொக்கர் நல்லது என்றேன். ஒருவரும் கேட்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

ரொறன்ரோ பொலிஸ் 2018 செப்டம்பரிலிருந்து வெறும் திருட்டு அலாரத்துக்கு வருவதில்லை. உண்மையில் ஏதோ நடக்கிறது என்று கண்காணிப்பு நிலையம் உறுதிசெய்து சொல்ல வேண்டும்: ஒன்றுக்கு மேற்பட்ட சோன் அடித்திருக்க வேண்டும், அல்லது கமரா, ஒலி, நேரில் பார்த்த ஆள். பார்ட்டிஷன் பிரிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. நாலு பார்ட்டிஷனுக்கும் நாலு கணக்கு இலக்கம் கொடுத்திருக்கிறேன். கொரிடோரில் ஒரு சிக்னல், பெட்டக அறையில் ஒரு சிக்னல் என்று வந்தால், நிலையத்தில் இருக்கிற பிள்ளைக்கு அவை இரண்டு வேறு வாடிக்கையாளரின் ஒவ்வொரு சிக்னலாகத் தெரியக் கூடும். நாலும் ஒரே கட்டடம், ஒரே சம்பவமாகப் பாருங்கள் என்று நாலு கணக்கிலும் குறிப்பு எழுதச் சொன்னேன். பெட்டக அறைக்குள் கதவு, அசைவு, சுவர் மூன்றையும் தனித்தனிச் சோனாக வைத்ததும் இதற்காகத்தான்.

பிறகு அழைப்பு வரிசை கேட்டார்கள். இரவு அலாரம் அடித்தால் முதலில் யாருக்கு அழைப்பது? சேலைக்கும் சாப்பாட்டுக்கும் தம்பி என்று எழுதினோம். நகைக்கடைக்கு மூத்தவர் தன் பெயரைச் சொன்னார். அவர் மனைவி உள்ளேயிருந்து, “ஒன்பதரைக்குப் படுத்தால் இடி விழுந்தாலும் எழும்பமாட்டார்” என்றார்.

மூத்தவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப அவன்ர நம்பரையே முதல் போடு தம்பி. விடிய நாலு மணிக்குப் பக்கத்தில நிக்கிறவன் அவன்தானே.”

அவருக்கு நகைக்கடைக் கோட் இல்லையே என்றேன்.

“வெளியில நிண்டு பாத்துச் சொல்லக் கோட் என்னத்துக்கு? உள்ள மட்டும் போக வேண்டாம் எண்டு சொல்லு.”

ஒன்றாவது, இரண்டாவது பார்ட்டிஷன் இரண்டுக்கும் முதல் அழைப்பாகத் தம்பியின் இலக்கத்தைக் கொடுத்தேன். நேரில் பார்த்த ஆள் என்ற இடத்துக்கும் அவர்தான்.