அசல் வெளியே போகாது

1965-ல் நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் மருத்துவத்துக்கான நோபல் பரிசு மூன்று பிரெஞ்சுக்காரர்களுக்குக் கிடைத்தது: பிரான்சுவா ழாக்கோப், ழாக் மொனோ, அந்த்ரே லுவோஃப். ஒரு மரபணுவை வேண்டும்போது திறக்கவும் வேண்டாதபோது மூடவும் பாக்டீரியாவுக்குள்ளேயே ஏற்பாடு இருக்கிறது என்று காட்டியவர்கள். பாடத்தில் அது வரவில்லை. நம் புதுச்சேரியில் பேப்பர் படிக்கிறவர்கள் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இப்போது எழுபது தாண்டிய வயதில் அந்த விஷயத்தைத் தேடிப் படிக்க வேண்டி வந்தது. காரணம் என் தங்கை. மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று இருந்தது. தினம் ஒரு தமாக்சிஃபென் மாத்திரை, ஐந்து வருஷத்துக்கு. மூன்றாவது வருஷத்தில் ஒருநாள் சொன்னாள்: "கட்டியத்தான் எடுத்தாச்சே அண்ணே, இன்னும் எதுக்கு இது? ராத்திரியில உடம்பெல்லாம் கொதிக்குது, வேர்த்துக் கொட்டுது. நிறுத்திடப் போறேன்."

நான் டாக்டர் இல்லை, குமாஸ்தா. எனக்குத் தெரிந்தது ரெக்கார்டு ரூம். அதை வைத்தே அவளுக்குச் சொன்னேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய 2 மீட்டர் நீளத்துக்கு டி.என்.ஏ. இழை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உட்கருவுக்குள் அது எப்படி அடங்கும்? ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டு சேர்ந்த உருண்டையில் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றி, அடுத்த உருண்டைக்குப் போகிறது. 1975-ல் ஸ்திராஸ்பூரில் பியேர் ஷாம்போன் குழுவினர் இந்த உருண்டைக்கு நியூக்ளியோசோம் என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கட்டுமானம் முழுவதற்கும் குரோமாட்டின் என்று பெயர். நாடா போட்டு இறுக்கிக் கட்டி அலமாரியில் அடுக்கிய கோப்புகள் மாதிரி. கண்ணுக்கும் கல்லீரலுக்கும் கோப்புகள் ஒன்றுதான். எந்தக் கட்டு எங்கே அவிழ்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

கட்டை அவிழ்க்க உத்தரவுச் சீட்டு வேண்டும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அப்படி ஒரு சீட்டு. அதை வாங்கிக்கொள்ளும் ரெக்கார்டு கீப்பர்தான் ரிசெப்டர், அதாவது ஏற்பி. ஈ.ஆர். என்பது அவர்தான். சீட்டு கைக்கு வந்ததும் அவர் டி.என்.ஏ.யில் தன் இடத்தில் போய் உட்கார்ந்து உதவி ஆட்களைக் கூப்பிடுகிறார். அவர்கள் ஹிஸ்டோன்மேல் அசெட்டைல் என்ற சிறு அடையாளத்தை ஒட்ட, நாடா தளர்கிறது. கோப்பு நகல் எடுக்கப்படுகிறது. அசல் உட்கருவை விட்டு வெளியே போகாது. ஆர்.என்.ஏ. என்ற நகல்தான் போகும். அந்த நகலைப் பார்த்துப் புரதம் தயாராகிறது. 'பெருகு' என்ற உத்தரவு அந்தக் கோப்பில் இருந்தால், செல் பெருகும்.

தமாக்சிஃபென் அதே அளவில் உள்ள வேறொரு சீட்டு. கீப்பர் கையில் அது இருக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் சீட்டை வாங்க முடியாது. அதோடு, அவர் இப்போது கூப்பிடுவது அவிழ்க்கிற ஆளை அல்ல, அடையாளத்தைப் பிய்த்துவிட்டு நாடாவை இறுக்குகிற ஆளை. ஆனால் கோப்பு எரிந்துபோகவில்லை, கட்டிதான் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது நாலு செல் தங்கியிருந்தால், மாத்திரை நின்றதும் பழைய சீட்டு மறுபடி வந்து சேரும். தினமும் போட வேண்டியது அதனால்தான். இந்த மாத்திரை சாப்பிடும் ஐந்து வருஷத்தில் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. பலன் அதன் பிறகும் பல வருஷம் நீடிக்கிறது.

இன்னொன்றும் சொன்னேன். கருப்பையில் இருக்கும் உதவி ஆட்கள் வேறு. அங்கே இதே மாத்திரை ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை செய்து உள்சுவரைத் தடிக்க வைக்கலாம். மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

தங்கை யோசித்துவிட்டு, "அப்ப கொதிப்புக்கு என்ன பண்றது?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்கு ரெக்கார்டு ரூமில் பதில் இல்லை. மறுநாள் இருவரும் டாக்டரைப் பார்க்கப் போனோம். கொதிப்புக்குத் தனியாக மருந்து கொடுத்தார். மாத்திரை தொடர்கிறது. இன்னும் பதினாலு மாதம் பாக்கி.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி நிறுத்த நினைத்தால், முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.