சர்க்கரையிற் செம்மை

நிறங்கள் பலவற்றுள்ளும் கண்ணை முதற்கண் கவர்வது செந்நிறமே. கோவைக் கனியும் மாணிக்கமும் மாலை வானமும் அந்நிறத்தானே பெருமை எய்தின. நம் தமிழ்மொழியோ 'செம்மை' என்னும் ஒரு சொல்லாலேயே சிவப்பு நிறத்தையும் நேர்மைக் குணத்தையும் குறிக்கின்றது. இவ்விரண்டும் ஓரிடத்தே கூடி நிற்றல் எத்துணை அரிது என்பதை யாம் கற்றது இலக்கண வகுப்பிலன்று. கேக்கின் மீது பூசப்படும் ஐசிங் என்னும் சர்க்கரைப் பூச்சினிடத்தே என்று கூறின் நேயர்கள் நகைப்பர். நகைப்பினும் கேட்பாராக.

எம் இல்லம் அம்பத்தூரில் உள்ளது. எம் அன்னையார் அண்டை அயலார்க்குக் கேக் செய்து கொடுத்து, அதனால் வரும் சிறு ஊதியத்தைக் குடும்பச் செலவுக்கு உதவுவர். கிறிஸ்துமஸ் அணுகுங்கால் ஆவடியினின்றும் பூவிருந்தவல்லியினின்றும் கூடக் கேட்டு வருவோர் உளர். அக்காலத்தில் வண்ணம் குழைக்கும் வேலை எமக்கு உரியது. பச்சையும் மஞ்சளும் எளிதில் அமையும். ஆழ்ந்த சிவப்போ எளிதில் அகப்படாது. என்னை? ஐசிங் இயல்பில் வெண்மையுடையது. வெண்மையிற் சிவப்பைக் கலந்தால் பிறப்பது இளஞ்சிவப்பேயன்றிச் சிவப்பன்று. வெண்ணெய் மிகுந்ததாயின் அதன் மஞ்சளும் சேர்ந்து செம்மஞ்சளாகத் திரியும். மேன்மேலும் சாயத்தைப் பெய்தாலோ நிறம் ஏறுமுன் கசப்பு ஏறிவிடும். நீர்ச்சாயமாயின் பூச்சே இளகி, மேலே இட்ட பூவும் இதழும் நில்லாமற் சரியும்.

ஆதலின் யாம் கைக்கொள்ளும் முறை இது. சிவப்பாக்க வேண்டிய பகுதியை மட்டும் தனியே எடுத்து, சலித்த கொக்கோத் தூள் சிறிது சேர்த்து இளம்பழுப்பாக்குவோம். வெண்மை முன்னரே அடங்கிவிடுதலின், பின்னர் இடும் சாயம் சிறிதாயினும் நிறம் ஆழ்ந்து தோன்றும். கூழ்ச்சாயத்தைக் குச்சியின் நுனியால் எடுத்துச் சிறிது சிறிதாகக் குழைப்போம். செம்மஞ்சளின் பக்கம் சாய்ந்தால் கடுகளவு நீலம் அதனைத் திருத்தும். விரும்பிய நிறத்துக்கு ஒருபடி குறைவாய் இருக்கும்போதே நிறுத்தி, காற்றுப் புகாமல் மூடி, ஓரிரவு வைத்துவிடுவோம். சாயம் கரைந்து பரவ நேரம் வேண்டுமாதலின், மறுநாட் காலையில் நிறம் தானே முதிர்ந்திருக்கும். விளக்கொளியில் நிறத்தைத் துணிதல் ஆகாது. சன்னலருகே பகலொளியில் பார்த்தலே முறை.

இத்துணைப் பொறுமைக்கும் காரணம் அழகு மட்டுமன்று, அளவும் ஆம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகள் இசைந்த செயற்கைச் சிவப்புச் சாயங்கள் பொன்சோ 4ஆர், கார்மோய்சின், எரித்ரோசின் என மூன்றே. அவையும் கேக் முதலிய பண்டங்களில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேற்படல் கூடாது. அரைக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் எனின், அஃது ஒரு சிட்டிகையிலும் மிகக் குறைந்ததன்றோ!

செயற்கையை விடுத்து இயற்கையை நாடலாமே எனின், அதனையும் செய்து பார்த்தோம். பீட்ரூட் சாறு அடுப்பின் வெப்பத்தில் மங்கும். சமைக்காத பூச்சில் நிறம் தரினும் மண்வாசனையும் உடன் தரும். செம்பருத்திச் சாறு புளிப்போடு கூடினாற் சிவக்கும். சோடா உப்போடு கூடினால் நீலம் பாயும். இவ்வாறு சிவப்பைத் தேடி அலைந்தோர் முன்னரும் உளர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் மருத்துவராய் விளங்கிய ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார், கொச்சினீல் என்னும் சாயப்பூச்சியை வளர்க்கக் கருதிச் சைதாப்பேட்டையிற் சப்பாத்துக் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795இல் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்ததோ உயர்ந்த இனமன்று; தாழ்ந்த பிறிதோரினம். அது கள்ளியைத் தின்று அழித்ததேயன்றி, எண்ணிய சாயத்தைத் தந்திலது.

சென்ற டிசம்பரில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் குறித்தல் வேண்டும். ஆவடியிலிருந்து வந்த ஓர் அம்மையார் தம் மகனின் பிறந்தநாளுக்கு இரண்டு கிலோ கேக் கேட்டார். கைப்பேசியில் ஒரு படத்தையும் காட்டினார். அடிமுதல் முடிவரை இரத்தம் போற் சிவந்த கேக் அது. "அக்கா, இதே சிவப்பு வேண்டும். பெயர் எழுதாத பொட்டலத்தில் ஒரு பொடி விற்கிறார்களாம், சிறிது போட்டாலே போதுமாம்" என்றார். எம் அன்னையார் சற்றே எண்ணி, "பிள்ளைகள் உண்ணும் பண்டம், தங்கச்சி. கேக் வெள்ளையாகவே இருக்கட்டும், மேலே மூன்று ரோஜா மட்டும் சிவப்பாகச் செய்து தருகிறேன்" என்றார். அம்மையார் யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றார், பின்னர் வரவில்லை. அவ்வூதியம் எம் தேர்வுக் கட்டணத்துக்கென எண்ணியிருந்தது. அன்னையார் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த வேலைக்கு மாவைச் சலிக்கத் தொடங்கினார்.

பெயரற்ற பொடியின் தீங்கு வெற்று அச்சமன்று. துணிக்குச் சாயமிடும் ரோடமின் பி என்னும் பொருள் பஞ்சு மிட்டாயிற் கலந்திருத்தல் ஆய்வில் தெரிந்தமையால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனையைத் தடை செய்தது. திருவிழாக்களில் நாம் எல்லாரும் விரும்பி உண்ட அவ்விளஞ்சிவப்புப் பஞ்சு அன்றோ அது! கண்ணுக்கு இனிமை செய்த அந்நிறம், உண்ணும் குழந்தையின் உடலை எண்ணிப் பார்த்திலது.

எம் இல்லத்து ரோஜாக்கள் இன்றும் படத்திற் காணும் சிவப்பினும் ஒருபடி வெளிறியனவே. அவ்வொருபடிக் குறைவை வாங்குவோரிடம் எம் அன்னையார் முன்னரே சொல்லிவிடுவர். சிலர் போய்விடுகின்றனர், சிலர் மறுமுறையும் வருகின்றனர். கல்லூரியை விட்டு நாளை ஏதேனும் ஒரு தொழிலிற் புகவிருக்கும் நண்பர்காள், நாம் செய்யும் பொருளும் எழுதும் எழுத்தும் பிறர் கண்ணுக்கு மேலும் சிவந்து தோன்ற வேண்டும் என்னும் ஆசை நமக்கும் வரும். அப்போது நிறம் ஒருபடி குறையினும், 'செம்மை' என்னும் சொல்லின் மற்றைப் பொருளைக் குறையவிடாதிருப்போமாக.