பெருமாளுக்கு ஒத்துக்கொள்ளாத நாவற்பழம்

சின்ன வயதில் காய்ச்சல் விட்டுத் தலைக்கு ஊற்றிக்கொண்டதும் பாட்டி என்னை அழைத்துப் போகும் முதல் இடம் ஸ்ரீரங்கம் கோயில் தன்வந்திரி சந்நிதி. போகிற வழியெல்லாம் ஒரே கதைதான். ஒருநாள் ராமானுஜர் சேவிக்கப் போனபோது பெருமாளின் திருமுகம் வாடியிருந்ததாம். என்ன அமுது செய்வித்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். தயிர்சாதம், கூடவே நாவற்பழம். அவர் பதறிப்போய் வைத்தியர் கருடவாகன பண்டிதரை வரவழைத்துக் கஷாயம் சமர்ப்பிக்கச் சொன்னாராம்.

"பெருமாளே கஷாயம் குடிச்சார். நீ குடிக்க மாட்டியோ?" என்பாள் பாட்டி. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவேன்.

அந்தக் கதையின் கனம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. அதே கருடவாகனர் பெயரைத் தாங்கிய ஒரு பட்டர், சிதைந்து கிடந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளப் பண்ணியதை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஆரோக்கியசாலை என்றால் மருத்துவமனை. அது முதலில் ஏற்பட்டது 13ஆம் நூற்றாண்டில், ஹொய்சள மன்னன் ராமநாதன் காலத்தில். கோயில் மதிலுக்குள் மருத்துவமனை கட்டத் தோன்றிய மனம் எது என்று யோசித்தால், எனக்கு அந்த நாவற்பழம்தான் நினைவுக்கு வருகிறது. பள்ளிகொண்டவனுக்கும் வயிறு உண்டு, அதற்கும் ஒவ்வாமை வரும் என்று மனதார நம்புகிறவர்களால், வாசலில் இருமிக்கொண்டு நிற்பவனை எப்படித் தாண்டிப் போக முடியும்?

ராமநாதனின் தலைநகர் கண்ணனூர், இன்றைய சமயபுரத்தை ஒட்டியது. அங்கே மாரியம்மன் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப்பட்டினி கிடக்கிறாள். பக்தர்களுக்காக அவளே நோன்பிருக்கும் அந்த நாட்களில் நைவேத்தியம் துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தான். அவள் பட்டினி கிடக்கையில், நடந்து வருகிறவர்களுக்காகத் திருச்சியிலிருந்து வழிநெடுக மோர்ப்பந்தல் போடுகிறார்கள். ரம்ஜானில் திருச்சிப் பள்ளிவாசல்களில் பகலெல்லாம் பட்டினி கிடந்தவர்கள், மாலையில் நோன்புக் கஞ்சிக்காகத் தூக்குவாளியோடு வந்து நிற்கும் பக்கத்துத் தெருக்காரர்களிடம் என்ன சாதி, என்ன மதம் என்று கேட்பதில்லை. பசியைத் தன் உடம்பில் வாங்கிப் பார்த்தவர்கள் ஊற்றும்போது கரண்டி நிறைந்தே வருவதைக் கண்டிருக்கிறேன்.

பங்குனியில் பாட்டியும் திருவானைக்காவல் சாலையில் இருந்த சித்தப்பா வீட்டுத் திண்ணைக்கு மோர்ப்பானையோடு போய்விடுவாள். மஞ்சள் புடவைகள் வரிசையாக வந்து கை நீட்டும். பானையில் அவள் இஞ்சியை அள்ளித் தட்டிப் போடுவதைப் பார்த்து, காரம் தாங்காதே பாட்டி என்பேன்.

"வேகாத வெயில்ல நடந்துவந்து குளிரக் குடிக்கறாடா. சளி பிடிச்சுடுத்துன்னா?" என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு இஞ்சியைத் தேடுவாள்.