பெட்டி ஒட்டக் கற்ற கதை

யான் தூத்துக்குடியிற் பிறந்தவன். என் பாட்டனார் அவ்வூர்ச் சங்குக் கிட்டங்கி ஒன்றில் வேலை பார்த்தவர். வளையல் அறுத்தற்பொருட்டு வங்காளத்திற்குச் செல்லும் சங்குகளைச் சாக்கிலிட்டு, கோணியூசியாலும் சணற்கயிற்றாலும் வாய் தைப்பதே அவரது தொழில். 1961-ஆம் ஆண்டோடு எங்கள் கடலில் முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது, சங்குக்குளிப்போ ஓயவில்லை, அவரது ஊசிக்கும் ஓய்வில்லை. மூட்டை வழியில் அவிழ்ந்தால் தைத்தவன் பெயர்தான் கெடும் என்று அவர் சொல்லக் கேட்டதுண்டு. அக்காலத்தில் யான் அதனைச் செவியில் வாங்கினேனன்றி மனத்தில் வாங்கினேனில்லை.

இக்காலத்தில் ஊசியின் இடத்தை ஒட்டுநாடா பிடித்துக்கொண்டது. அதனைப் பெட்டிமேல் ஓட்டி ஒட்டுதற்கென்றே கைப்பிடியுள்ள ஒரு கருவி உண்டு. ‘டேப் டிஸ்பென்சர்’ என்பது அதன் கடைப்பெயர்; எங்கள் ஊரில் ‘டேப் கட்டர்’ என்பாரே பலர். யானும் அவ்வாறே கூறுவேன். இரண்டாம் ஆண்டு மாணவனாயிருந்தபொழுது, கிறிஸ்துமஸ் விடுமுறையிற் கூலிக்குச் சேர்ந்த மக்ரூன் கடை ஒன்றில் இக்கருவி என் கைக்கு வந்தது.

மக்ரூனை அறியாத நண்பர்க்கு ஒரு சொல். முட்டையின் வெள்ளைக்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து, முந்திரிப்பருப்புத் தூளைச் சேர்த்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து மெல்லிய சூட்டில் உலர்த்தி எடுக்கும் பண்டம் அது. கீழே விழுந்தால் நொறுங்கும்; ஈரக்காற்றுப் பட்டால் நமுத்துப்போகும். இவ்விரண்டினின்றும் அதனைக் காப்பது அட்டைப்பெட்டியும் அதன்மேல் ஓடும் நாடாவுமே. திசம்பர் மாதத்திலோ எங்கள் ஊரில் வடகிழக்குப் பருவமழை முற்றும் விடைபெற்றிராது. கடற்காற்றின் உப்போ என்றும் உள்ளது.

அங்கே முப்பது ஆண்டுகளாகப் பெட்டி கட்டிவந்த அண்ணாச்சி ஒருவர் இருந்தார். முதல் நாள் அவர் எனக்குக் கற்பித்தது சிறிதே. நாடாச் சுருளைச் சக்கரத்தில் ஏற்றும்பொழுது வழவழப்பான பக்கம் உருளையை நோக்கவேண்டும். பசைப்பக்கம் பெட்டியை நோக்கவேண்டும். நுனியை உருளைக்கும் முன்தகட்டுக்கும் இடையே நுழைத்து, பல்லுள்ள பிளேடுவரை இழுத்துவிடவேண்டும். பெட்டியின் பக்கத்தில் மூன்று விரற்கிடை நாடாவைப் பதித்து, விளிம்பைக் கடந்து, நடுமடிப்பின்மேல் ஓட்டி, மறுபக்கத்தில் அதேயளவு இறக்கி, கைமணிக்கட்டைத் திருப்பிப் பிளேடால் அறுக்கவேண்டும். “தம்பி, இழுக்காதேயும்; உருட்டும்” என்று அவர் பலமுறை கூறினார். இரண்டிற்கும் வேறுபாடு யாது என்று யான் கேட்கவில்லை. கல்லூரியிற் பௌதிகம் படிப்பவன், பெட்டி ஒட்டுபவரிடம் கேட்டறிய என்ன இருக்கிறதென்ற செருக்கே அதற்குக் காரணம்.

அச்செருக்கினால், நாடா உரிகையில் எழும் கிறீச்சொலியைக் காட்டி அவருக்கே யான் பாடம் நடத்தியதும் உண்டு. 2008-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர், காற்றை அகற்றிய பேழையினுள் ஒட்டுநாடாவை உரித்து, அவ்வுரிப்பிலிருந்து எக்ஸ் கதிர் பிறத்தலைக் கண்டனர். அக்கதிரைக்கொண்டு ஒரு விரலின் எலும்பையும் படமெடுத்தனர். இதனை விரித்துரைத்தேன். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நம் கிட்டங்கியில் காற்றிருக்கின்றதே, இந்தப் பெட்டியை முடியும்” என்றார்.

நிற்க. ஐந்தாறு நாளில் என் கருவியின் பிளேட்டுப் பற்களில் பசை படிந்து கறுத்தது. நாடா எளிதில் அறுபடவில்லை. சக்கரத்தின் நடுவே சுழற்சியைத் தடுக்கும் திருகு ஒன்று உண்டு. அதனை இறுக்கினால் நாடா விறைப்பாக நிற்கும். மழுங்கிய பிளேடும் ‘பட்’டென்று அறுத்துவிடும். இவ்வுபாயத்தை யானே கண்டுபிடித்தேனென்று மகிழ்ந்தேன். திருகை முற்றும் இறுக்கி, இரு கையாலும் வலித்து, விரைவு விரைவாக ஒட்டினேன். அண்ணாச்சி பத்துப் பெட்டி முடிக்குமுன் யான் பதினைந்து முடித்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னர், சென்னைக்குப் பேருந்தில் ஏற்றிய பெட்டிகளுள் ஆறு அடிவாய் பிளந்துவிட்டன என்று தொலைபேசியிற் செய்தி வந்தது. இறக்கும்பொழுதே மக்ரூன் முழுவதும் தரையிற் கொட்டியதாம். முதலாளி உரத்துப் பேசவில்லை. கட்டுபவர்களுக்குத் தலைவர் அண்ணாச்சியே ஆதலால், அவர் கூலியிற் பிடித்தம் செய்வதாகக் கூறிவிட்டு உள்ளே சென்றார். அண்ணாச்சி மறுமொழி கூறவில்லை.

அன்று மாலை, அனுப்பாமல் எஞ்சியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி ஒட்டியவற்றில் நாடா அட்டையோடு ஒன்றிக் கிடந்தது. என்னுடையவற்றிலோ, இரு முனைகளும் காய்ந்த ஓலை நுனிபோல் மேலெழுந்து நின்றன. காரணம் எனக்கு அப்பொழுதே விளங்கிற்று. இந்நாடாவின் பசை, நீர்ப்பசைபோல் உலர்ந்து இறுகுவதன்று. அழுத்தத்தால் அட்டையின் இழைகளுக்குள் இறங்கிப் பற்றுவது. உருளை கருவியில் அமைந்திருப்பதே அவ்வழுத்தத்திற்காக. யானோ உருட்டவில்லை, இழுத்தேன். வலித்திழுத்த பிளாஸ்டிக் நாடா சிறிது நீண்டு, ஒட்டியபின் பழைய அளவிற்கு மீள முயன்றது. முயலுந்தோறும் முனைகள் பெயர்ந்தன. அறுப்பதில் விரைந்து மூன்று விரற்கிடையை ஒன்றாகக் குறைத்திருந்தேன். சீனித்தூள் படிந்த தரையில் அட்டைகளைப் பரப்பியிருந்தேன். தூளின்மேல் ஒட்டிய பசை தூளைத்தான் பற்றும். மழையீரம் அட்டைக்குள் ஏறியது எஞ்சிய குறையையும் நிரப்பிற்று.

அறிந்தும் இரண்டு நாள் வாய் திறவாதிருந்தேன். இதனை எழுதும்பொழுதும் கை கூசுகின்றது. மூன்றாம் நாள் அண்ணாச்சியிடம் சொன்னேன். “எனக்குத் தெரியும், தம்பி. அறுத்த முனையைப் பார்த்தாலே யார் கை என்று தெரியும்” என்றார். பின்னை ஏன் சொல்லவில்லை என்றேன். “சொன்னால் அடுத்த வருடம் காலேஜ்ப் பிள்ளைகளை முதலாளி சேர்க்கமாட்டார். அந்தக் கூலியில் பரீட்சைப் பணம் கட்டுகிற பிள்ளைகளும் வருகிறார்கள்” என்றார்.

யான் முதலாளியிடம் சென்று உண்மையைக் கூறினேன். பிடித்த பணம் அண்ணாச்சிக்குத் திரும்பியது. என் கூலியிற் பெரும்பகுதி கழிந்தது. அடுத்த டிசம்பரில் எங்கள் விடுதி மாணவர் இருவர் அக்கடையில் வேலை கேட்டுச் சென்றனர். மாணவரைச் சேர்ப்பதில்லை என்று விடை வந்தது. அவர்களுள் ஒருவர்க்கு அப்பணம் மிகவும் வேண்டியிருந்தது. யான் செய்தது சரியோ என்று அவர் முகத்தைக் காணுந்தோறும் ஐயுறுகின்றேன்.

விடுமுறையின் எஞ்சிய நாட்களில் அண்ணாச்சியின் வழக்கங்களைக் கூர்ந்து நோக்கினேன். இக்கருவியைக் கையாளும் தோழர்க்கு உதவுமென்று அவற்றுட் சில கூறுவேன். நாடோறும் வேலை முடிந்ததும், மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் பிளேட்டின் பசையை முதுகுப்புறத்திலிருந்து பல்லை நோக்கித் துடைப்பார். எதிராகத் துடைத்தால் துணியும் கிழியும், விரலும் கிழியும். பின்னர் உலர்ந்த துணியால் மீண்டும் துடைப்பார். எண்ணெய்ப் பிசுக்கு எஞ்சினால் மறுநாள் நாடா பற்றாது. உருளையின் அச்சிற்கு எண்ணெய் இடவே மாட்டார். தடைத்திருகை, சுருள் தானே சுழன்று ஓடாதவாறு இருந்தாற் போதுமென்று விடுவார். பிளேட்டின்மேல் நாடாவை அமர்த்தும் பிளாஸ்டிக் நாக்கு வளைந்தால் அன்றே மாற்றுவார். அஃது இல்லாவிடின் நுனி பின்வாங்கிச் சுருளில் ஒட்டிக்கொள்ளும், பின் நகத்தால் தேடியே பொழுது போகும். எஞ்சிய சுருள்களை வெறுந்தரையில் வையார். உறையிலிட்டு நிழலில் வைப்பார். உப்புக்காற்றில் பிளேடு துருப்பிடிக்குமாதலால், பருவம் முடிந்ததும் மெல்லிய எண்ணெய் பூசித் தாளிற் சுற்றி ஆணியில் மாட்டுவார்.

1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனத்து ஜான் போர்டன் என்பார், நாடாவின் நுனியைப் பிடித்துவைத்து அறுக்கும் பிளேடுள்ள மேசைக்கருவியை அமைத்தார் என்று பின்னர்ப் படித்தேன். அந்நிறுவனத்து ரிச்சர்ட் ட்ரூ கண்ணாடிபோன்ற ஒட்டுநாடாவை 1930-இல் வெளிப்படுத்தியிருந்தார். நுனியைத் தேடும் தொல்லையே இரண்டாண்டில் கருவியைப் பிறப்பித்தது. இதனை அண்ணாச்சியிடம் கூறவேண்டுமென்று எண்ணியிருந்தேன்.

சென்ற டிசம்பரில் வீட்டிற்கு மக்ரூன் வாங்க அக்கடைக்குச் சென்றேன். கூட்டம் மிகுதியாயிருந்தமையால் போர்டனைப் பற்றிப் பேசுதற்கு இடமில்லை. என்னைக் கண்ட அண்ணாச்சி, ஏனையோர் கட்டிய பெட்டியை விலக்கி, புதிதாக ஒன்றை எடுத்துத் தாமே கட்டிக் கொடுத்தார். வீட்டில் அதனைப் பிரிக்க என் தாயார் கத்தி எடுத்துவரச் சென்றார். கத்தி வேண்டியதில்லை. நாடாவின் ஒரு முனையை அவர் அரை விரற்கிடை உட்புறமாக மடித்து, பிடித்து உரிக்க இடம் விட்டிருந்தார்.