பனிக்கட்டிக்குக் கீழே ஒரு டி.வி!

கார்ல ஏறி நேரா ஏரிக்குள்ள போகலாம், வர்றீங்களா? பதறாதீங்க... மூழ்க மாட்டோம்!

நாம போகப்போறது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் மில் லாக்ஸ் ஏரி. மினியாபொலிஸ் நகரத்திலிருந்து வடக்கே சுமார் 160 கிலோமீட்டர். பரப்பளவு 530 சதுர கிலோமீட்டர் இருக்கும். அதிகபட்ச ஆழமோ வெறும் 13 மீட்டர்தான். ஜனவரியில் வந்து பாருங்க... ஏரி முழுக்க வெள்ளை மைதானம். மைனஸ் 20 டிகிரி எல்லாம் இங்கே சர்வசாதாரணம். பனிக்கட்டி மேல ரோடு போட்டு, வழிகாட்டிப் பலகை நட்டு, விரிசல் விழுந்த இடத்துக்குக் குறுக்கே சின்னப் பாலம்கூட வெச்சிருப்பாங்க. ரோட்டோரமா குட்டிக் குட்டி மரவீடுகள், கூடாரங்கள். உள்ளே ஹீட்டர், நாற்காலி, தரையில் ஒரு ஓட்டை. அந்த ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு டி.வி. ஓடுது. நேரடி ஒளிபரப்பு... ஏரியின் அடியிலிருந்து!

டி.வி. பார்க்கிறதுக்கு முன்னாடி காலுக்குக் கீழே பாருங்க. புதுசா உறைஞ்ச, கண்ணாடி மாதிரி தெளிவான பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால்தான் நடக்கலாம். பனிவண்டிக்கு 5 முதல் 7 அங்குலம், சின்ன காருக்கு 9 முதல் 10 அங்குலம் வேணும் என்கிறது மாநில இயற்கை வளத் துறை. வெள்ளை நிறத்தில் கலங்கலா இருந்தா இரண்டு மடங்கு. அப்பவும் 'நூறு சதவிகிதம் பத்திரம்'னு எந்தப் பனிக்கட்டிக்கும் சர்ட்டிஃபிகேட் கிடையாது. தண்ணிக்குள்ள விடுற கேமரா இந்தக் கணக்கைச் சொல்லாது. துளை போட்டு அளக்கணும். கூடாரத்துல ஹீட்டர் எரிஞ்சா காற்றுப் போக வழி திறந்திருக்கணும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை, ஜாக்கிரதை!

சரி, துளை போட்டாச்சா? பக்கத்திலேயே ஒரு மீட்டர் தள்ளி இன்னொரு துளை. ஒன்று தூண்டிலுக்கு, மற்றது கேமராவுக்கு. ஒரே துளையில ரெண்டையும் இறக்கினா, சிக்கிய மீன் சுத்துற சுத்துல கயிறும் கேபிளும் ஜடை பின்னிக்கும். கேமராவை மெதுவா இறக்குங்க. தரை தெரிஞ்சதும் கொஞ்சம் தூக்கிடுங்க. சேற்றில் இடிச்சா அப்புறம் கொஞ்ச நேரத்துக்குத் திரையில் புழுதிப் படம்தான். கேபிளை விரலால லேசாத் திருப்பினா கேமராவும் திரும்பும். இரை திரையின் நடுவுல வந்தா செட்டிங் ஓகே!

வெளியே மைனஸ் 20. உள்ளே? தண்ணி 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி. அதுக்கும் கீழே குளிர்ந்தா லேசாகி மேலே வந்து உறையும். அதனால் அடியில் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே, அதிகபட்சம் 4 டிகிரி வரை இருக்கும். மீன் பிழைக்கிறது அதனால்தான். கேமராவும் அங்கே சொகுசா இருக்கும். அதுக்கு ஆபத்தெல்லாம் வெளியே வந்த பிறகுதான்.

ஈரத்தோட மேலே தூக்கினா லென்ஸ் மேல நொடியில் பனி படியும். நகத்தாலோ கத்தியாலோ சுரண்டாதீங்க, கீறல் விழும். திரும்பத் தண்ணிக்குள்ளேயே விடுங்க, தானா கரையும். குளிரில் கேபிள் விறைச்சுப்போயிருக்கும். மடக்கிக் கட்டினா உள்ளே கம்பி அறும். பெரிய வளையமா தளர்வாச் சுருட்டுங்க. துளை போடுற கருவியின் பிளேடு பக்கம் கொண்டுபோகவே கூடாது. பேட்டரிக்கும் குளிர் ஆகாது. வீட்டுல ஃபுல் சார்ஜ் காட்டினது ஏரியில சீக்கிரமே மூச்சு வாங்கும். ஹீட்டர் பக்கமா, ஆனா ஒட்டாம வைங்க. லித்தியம் பேட்டரின்னா உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போடாதீங்க, அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் பிளக். வீட்டுக்குப் போனதும் பெட்டியை உடனே திறக்கக் கூடாது. சூடான காற்று பட்டா திரையெல்லாம் வியர்த்துடும். மூடியே வெச்சு, சூடு சமமானதும் திறந்து, கனெக்டர் உட்பட எல்லாத்தையும் காய வைங்க.

இவ்வளவு பாடுபட்டு என்ன தெரியும்கிறீங்களா? வால்-ஐ என்கிற மீன்! இந்த ஏரியின் சூப்பர் ஸ்டார். கரையோர காரிசன் ஊர்ல இதுக்குப் பெரிய சிலையே இருக்கு. தெருப்பூனையின் கண் ராத்திரியில் மின்னுமே, அதே மாதிரி கண்ணுக்குள்ளே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இதுக்கும் உண்டு. கேமரா விளக்கு பட்டா ரெண்டு வெள்ளைப் புள்ளிகள் திரையில் மிதந்து வரும். கலங்கல் தண்ணின்னா விளக்கை அணைச்சிடுங்க. மூடுபனியில் ஹெட்லைட் போட்ட கதையாகி, திரை வெளுத்துப்போகும்.

'ஏமாத்து வேலை, மீனை வேவு பார்க்கிறாங்க'ன்னு திட்டுறவங்களும் உண்டு. அவங்களுக்கு இந்த ஏரியின் கதையே பதில் சொல்லும். 1837 உடன்படிக்கையின்படி ஓஜிப்வே பழங்குடி மக்களுக்கு இங்கே மீன்பிடி உரிமை உண்டு என்று 1999-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அவங்களும் மாநிலமும் ஆண்டுதோறும் வால்-ஐ அளவைப் பங்கிட்டுக்கறாங்க. மீன் வளம் குறைஞ்சதால், 2016 கோடையில் மாநிலத்தின் தூண்டில்காரர்கள் ஒரு வால்-ஐகூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாதுன்னு தடை வந்தது. பிடிச்சுத் திரும்ப விட்டாலும் சில மீன்கள் செத்துப்போகும். அதுவும் மாநிலத்தின் கணக்கிலேதான் கழியும். இங்கேதான் கேமரா கை கொடுக்குது. திரையில் குட்டி மீன் வந்தா, கடிக்கும் முன்னாடியே இரையை மேலே இழுத்துடலாம். முள் குத்தாது, மைனஸ் 20 காற்றில் அதன் கண்ணும் செவுளும் உறையாது. ஆனா, லென்ஸில் பனியும் பேட்டரியில் காலியுமா இருந்தா, பொடிசா பெரிசா என்று யாருக்குத் தெரியும்?

கிளம்பும்போது ஒரு கடைசி வேலை. 2005-ல் இந்த ஏரிக்குள் வரிக்குதிரைச் சிப்பி நுழைஞ்சிருந்தது தெரியவந்தது. தண்ணியை வடிகட்டி வடிகட்டியே உணவுச் சங்கிலியை மாத்தற வில்லன். கேமராவில் கல் மேல கொத்துக் கொத்தா தெரியும். ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்கு நம்ம சாமான்லயே பயணம் பண்ணும். அதனால் கேபிளில் ஒட்டிய பாசியை எடுத்து, தண்ணியை வடிச்சு, துடைச்சுக் காய வெச்ச பிறகுதான் அடுத்த ஏரி.

கரையேறும்போது பையில் மீனே இல்லையா? பரவாயில்லை மக்களே, ரெண்டு மணி நேரம் ஷோ பார்த்தாச்சே!